வாத்தியார் துண்டு

தொண்டை கம்மியவர்கள் உப்புநீரைக் கொப்பளித்துக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. அதனை அறிவுறுத்தவே இதை எழுதத் தொடங்கினேன். தொடங்கிய பின்னர், நாயைப் பற்றியே மிகுதியும் எழுத வேண்டியிருப்பதைக் காண்கிறேன். படிப்போர் பொறுத்தருள்க. என் நோயின் கதையிலிருந்து நாயை நீக்கிவிட்டால், எஞ்சுவது எந்த மருத்துவரும் சொல்லக்கூடியதே.

திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வீடு இராயபுரத்தில், துறைமுகச் சுவருக்கும் சரக்கு வண்டிப் பாதைக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில். மனைவி பாக்கியம், தண்டையார்ப்பேட்டையிற் பிறந்தவள். மகன் எழிலன், பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தில் முறைவேலை பார்ப்பவன். நான்காவது உயிர் எங்கள் நாய். சரக்கு வண்டிகளின் நடுவே குட்டியாய்க் கிடந்ததை எழிலன் தூக்கி வந்தான். கருநிறமும் பருத்த கால்களுமாய் யானைக் கன்று போலிருந்ததால், வேழன் என்று பெயரிட்டேன்.

அப்பெயரை எங்கள் தெருவில் ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. வேயன் என்பார் சிலர், வேலன் என்பார் சிலர். நாய் திரும்பியும் பாராது. நாவை மடித்து நான் 'வேழா' என்றால் எங்கிருந்தாலும் ஓடி வரும். அமர், எழு, நில், விலகு என்னும் சொற்களையும் அதற்குப் பழக்கியிருந்தேன். வேறு எவ்வகையில் சொன்னாலும் அது கேட்பதில்லை. "ஒக்காருன்னா ஒக்காராதாம், அமருன்னாத்தான் அமருமாம். தொரை படிச்சவரு" என்று பக்கத்து வீட்டார் நகையாடுவர். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

என் குரலில் கரகரப்புப் புகுந்ததை முதலில் ஐயுற்றதும் வேழனே. அழைத்தால் வந்தது; ஆனால் பாதி வழியில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டது. மற்றவர்கள் சளி என்றார்கள். நானும் அவ்வாறே நம்பினேன். மழைக்காலம் கழிந்து பனிக்காலமும் கழிந்தது. கரகரப்புக் கழியவில்லை. விழுங்கும்போது காதுக்குள் ஒரு வலி ஓடத் தொடங்கிய பின்னரே மருத்துவமனைக்குப் போனேன்.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் காத்திருப்பது தனியொரு கல்வி. நீண்ட பலகையில், கழுத்தில் துணி சுற்றியவர்களோடு அமர்ந்திருந்தேன். அங்கே எவரும் பேசுவதில்லை. பேச இயலாமையால் சிலர், பேச விரும்பாமையால் சிலர். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிய மருத்துவர் என் நாவைத் துணியாற் பற்றி வெளியே இழுத்தார். காம்பில் பொருத்திய சிறு ஆடியொன்றை விளக்கிற் சூடு காட்டி, அடித்தொண்டையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, பயிலும் மாணாக்கர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பொருளைப் பலர் ஆர்வத்தோடு பார்க்கும்போது, அப்பொருள் நன்மையுடையதாய் இராது என்று அப்போதே எனக்குப் பட்டது.

சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளி ஆய்வுக்கு அனுப்பினார்கள். விடை வந்த அன்று மருத்துவர் எழிலனைத் தனியே அழைத்துச் சென்றார். திரும்பியவன் என் முகத்தைப் பாராமல், "சின்னக் கட்டியாம்பா" என்றான். அவன் என்னை முகத்துக்கு நேரே அப்பா என்பான். நான் கேளாத இடத்தில் நைனா என்பான். அன்று அப்பா என்ற சொல்லை அவன் அழுத்திச் சொன்ன முறையிலேயே நோயின் பெயரை அறிந்துகொண்டேன். குரல்வளையிற் புற்று.

முதலில் கதிர் செலுத்தினார்கள். நம் மக்கள் அதனைக் 'கரண்ட் வைக்கிறது' என்பர். வலியில்லை; ஆனால் நாள் ஏற ஏறக் கழுத்துத் தோல் கருகி, எச்சில் வற்றி, சோறு மணலாயிற்று. கட்டி சுருங்குவது போலச் சுருங்கிப் பின் முன்னினும் வளர்ந்தது. குரல்வளையை முழுதும் அகற்றுவதொன்றே வழி என்றார்கள்.

அதனை எளிமையாக விளக்குகிறேன். நம் மூச்சு மூக்கின் வழியே புகுந்து, குரல்வளையைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்குகிறது. குரல்வளையை எடுத்துவிட்டால், மூச்சுக்குழலின் மேல்வாயை முன்னோக்கி வளைத்து, கழுத்தின் அடியில் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவர். அன்று முதல் மூச்சு அந்தத் துளை வழியே. துளை மூடாதிருக்க வளைந்த வெள்ளிக் குழலொன்றைச் செருகுவர். வாய் உண்பதற்கு மட்டும். பேச்சு இல்லை. காற்று மூக்கினுட் செல்லாமையால் மணம் அறியும் ஆற்றலும் போய்விடும். குரலை இழப்பதைப் பற்றி எல்லாரும் எனக்கு ஆறுதல் கூறினர். மணத்தை இழப்பதைப் பற்றி ஒருவரும் கூறவில்லை. அப்போது நானும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

மருத்துவமனையில் சேர்ந்தபோது, நோயாளர் கூடத்தில் என் அடுத்த கட்டிலில் இருந்தவர் சவரிமுத்து. துறைமுகத்திற் சுமைதூக்கும் பொறியை இயக்கியவர். மாலையில் இராயபுரத்து இளைஞர்களுக்குக் குத்துச்சண்டை பயிற்றியவர். மனைவி முன்பே இறந்துவிட்டாள்; பிள்ளைகள் இல்லை. அவருக்கும் என் நோயே. மருத்துவமனை ஊழியருட் பலர் அவரிடம் பயின்றவர்கள் அல்லது பயின்றவர்களின் உறவினர். ஆதலால் வாயிற்காவலர் முதல் ஆயா வரை அனைவருக்கும் அவர் 'வாத்தியார்'.

எனக்கும் ஊரில் அதே பெயர். அச்சொல் எனக்கு உவப்பன்று. ஆசு இரிய, அதாவது குற்றம் நீங்க, நிற்பவன் ஆசிரியன் என்றிருக்க, எங்கிருந்தோ வந்து சிதைந்த சொல்லை ஏன் சுமக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியிருக்கிறேன். சவரிமுத்து அதைக் கேட்டுச் சிரித்தார். "நம்ம பேட்டைல கம்பு சுத்துறவனும் வாத்தியாரு, கணக்கு போடறவனும் வாத்தியாரு, படத்துல பாடறவனும் வாத்தியாரு. இதுல உனக்கு இன்னா தமிழய்யா பேஜாரு?" என்றார். அன்று முதல் என்னைத் தமிழய்யா என்றே அழைத்தார். வாத்தியார் பட்டம் அவரிடமே தங்கிற்று.

இருவருக்கும் ஒரே கிழமையில் அறுவை. முதல் நாள் மாலை, வேழன் பெயரை ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லும்படி அவரைக் கேட்டேன். வேயன் என்றார். நாவை மடிக்கச் சொன்னேன். வேளன் என்றார். இருவர் குரலும் அப்போது உடைந்த மூங்கிலை ஒத்திருந்தன.

"வுடு தமிழய்யா. நாளான்னிக்கு நீயும் சொல்லப் போறதில்ல, நானும் சொல்லப் போறதில்ல. உன் ழ-வையும் என் ய-வையும் ஒரே பக்கெட்டுல போடுவாங்க" என்றார்.

என் வாழ்க்கையில் நான் ஒலியெழச் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவே.

அறுவைக்குப் பின் எங்கள் இருவரையும் ஒரு தனியறையில் வைத்தார்கள். புண்ணில் நச்சுக்கிருமி ஏறலாகாதென்று உறவினரை உள்ளே விடவில்லை. பாக்கியம் மாலைதோறும் வந்து வெளிச் சாளரத்தருகே நிற்பாள். கண்ணாடிக்கு இப்பால் நான், அப்பால் அவள். இதற்கிடையே வீட்டில் நடந்தவற்றைப் பின்னரே அறிந்தேன். எனினும் நிகழ்ந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

பாக்கியம் மருத்துவமனையிலிருந்து வந்ததும் வேழன் அவளைப் பார்த்து உறுமத் தொடங்கிற்று. அவள் புடவையில் ஏறியிருந்த ஃபினாயில் நாற்றத்துக்கே உறுமியது. இதனை எழிலன் மருத்துவரிடம் சொன்னான். நாய் ஒருமுறை எம்பிப் பாய்ந்தாலும் குழல் பெயர்ந்துவிடும், குருதி பெருகினால் வீட்டில் ஒன்றும் செய்ய இயலாது என்று மருத்துவர் எச்சரித்தார். எழிலனுக்கு நெட்டுக்குப்பத்தில் ஒரு நண்பன் உண்டு. நாயை அவனிடம் விட்டுவிடுவதென்று முடிவு செய்தான். அவன் ஏற்காவிடில் மாநகராட்சி நாய் வண்டி.

பாக்கியம் மறுத்தாள். "அவரு வாயில இனிமே ஒரு வார்த்த வராது. வூட்டுக்கு வந்து பாத்தா நாயும் இல்லன்னா, எதப் பாத்துடா அந்த மனுசன் ஒக்காருவாரு?" என்றாளாம்.

"அது நைனாவ கடிச்சிட்சின்னா?"

"பழக்கறேன். பழக்கி அது கேக்கலன்னா இட்டுனு போ."

இவ்வாறு, நான் வீடு திரும்புவதற்குள் நாயை ஆயத்தப்படுத்தும் வேலை தொடங்கிற்று. எழிலன் சாய்நாற்காலியில் கழுத்தில் துணி சுற்றி அமர்வான். பித்தளைக் குழாய்த் துண்டொன்றை வாயில் வைத்து, குழல் வழியே வரும் மூச்சுப் போலச் சீறுவான், திடுமென இருமுவான். அவ்வொலிகளுக்கு நாய் மிரளாதிருக்க வேண்டும். குரலுக்கு மாற்றாகக் கைத்தடியால் தரையில் தட்டுவது என்று வகுத்தார்கள். இரு தட்டு என்றால் அமர்தல், ஒரு தட்டு என்றால் விலகுதல். தட்டுக்கும் செயலுக்கும் உறவு ஏற்படுத்த, முதலில் சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாக்கியம் ஒக்காரு என்று சொல்லிப் பார்த்தாள், நாய் நின்றது. மணவாழ்க்கை முழுதும் என் தூய தமிழைக் கேலி செய்த பாக்கியம், முற்றத்தில் நின்று 'அமர்' என்றாள். வேழன் அமர்ந்தது. 'விலகு' என்றாள். விலகிற்று. அவள் அச்சொற்களைச் சொன்னதை நான் கேட்கவில்லையே என்னும் ஏக்கம் இன்றும் உண்டு.

எஞ்சியது மணம். என் உடலில் இப்போது மருந்தும் புண்ணும் கலந்து வேறொரு மணம் ஏறியிருக்கும். அதையும் நாய்க்கு முன்னமே அறிமுகப்படுத்த வேண்டும் என்று அவளே உய்த்துணர்ந்தாள். நாள்தோறும் மாலையில் அறைக் கதவருகே ஆயாவிடம் துவைத்த துண்டைக் கொடுத்து, "வாத்தியாரு தொடச்ச துண்ட குடும்மா" என்று கேட்டு, பழையதை வாங்கிச் செல்வாள். மருத்துவமனை வாயிற்கடையில் எல்லாரும் வாங்கும் ஒரே வகை வெள்ளைத் துண்டு அது. வீட்டில் அதனை வேழன் படுக்கும் சாக்கின்மேல் இடுவாள். முதலில் அது உறுமிற்று. பிறகு முகர்ந்தது. சில நாள்களில் துண்டு வந்ததுமே மெல்ல முனகி, முன்கால்களை நீட்டிப் படுத்து, அதன்மேல் மோவாயை வைத்துக்கொள்ளலாயிற்று. எழிலனும் நெட்டுக்குப்பப் பேச்சை விட்டுவிட்டான்.

அறைக்குள் என் புண் ஆறியது. சவரிமுத்துவின் புண் ஆறவில்லை. கதிரால் வெந்த தோலில் தையல் பிரிந்து, விழுங்கும் எச்சில் கழுத்தின் வழியே கசிந்தது. ஆயா ஓயாது துடைத்துக்கொண்டேயிருந்தாள். மாலையில் அவர் கழுத்துத் துண்டை அவள் எடுத்துச் சென்று, வேறொன்றை இடுவதைக் கண்டேன். துவைக்கப் போடுகிறாள் என்று எண்ணினேன். செவிலியர் அவரருகே செல்கையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டனர். அதைக் கொண்டே அங்கு நாற்றம் இருப்பதை அறிந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. மூக்கிருந்தும் மணமறியாத இருவர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம். என் முகம் வாடும்போதெல்லாம் அவர் இரு கைகளையும் முட்டியாக்கித் தாடைக்கு நேரே உயர்த்திக் காட்டுவார். தற்காப்பைத் தாழ்த்தாதே என்பது பொருள்.

ஒருநாள் மாலை சாளரத்தருகே வந்த பாக்கியத்தின் முகம் வெளிறியிருந்தது. வழக்கமாகக் கையசைப்பாள். அன்று அசைக்கவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை மனப்பாடம் செய்பவளைப் போலிருந்தாள். காரணம் எனக்கு விளங்கவில்லை. அன்று காலை வேழன் துண்டைக் கவ்விச் சென்று, கொல்லைப்புறத்துக் கரிச்சாம்பற் குவியலைத் தோண்டி, உள்ளே வைத்து மூடிவிட்டதாம். பின் அதன்மேற் படுத்து ஊளையிட்டதாம். நாய் குழி தோண்டினால் சாவு விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எவருடைய துண்டைப் புதைத்ததோ அவருக்கே என்று அவள் அஞ்சினாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் ஆயாவிடம் துண்டை வாங்கிச் சென்றாள்; அதன் பின்னர் அச்சத்தால் வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் நண்பகல். செவிலி மருந்துத் தட்டோடு வெளியே சென்றிருந்தாள். சவரிமுத்துவின் கட்டிலிலிருந்து நீர் கொட்டுவது போன்ற ஓசை கேட்டுத் திரும்பினேன். புண் அரித்து அரித்துக் கழுத்தின் பெருங்குருதிக் குழாய் உடைந்திருந்தது. அவர் ஒரு கையால் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தார். என்னால் கூவ இயலவில்லை. மருந்துக் குப்பிகளைத் தரையில் தள்ளி உடைத்தேன். ஆள்கள் ஓடி வந்தனர். அவர்கள் வருமுன்னே, அவரது மறு கை முட்டியாகித் தாடை நோக்கி உயர்ந்தது. பாதியில் விழுந்துவிட்டது.

அவருடைய மாணாக்கர்களே அவரைச் சுமந்து சென்றனர். நான் எழுந்து நின்று பார்த்தேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் இயலவில்லை.

அதன்பின் சின்னாளில் என்னை அனுப்பினார்கள். வாடகை வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பியபோதே எழிலன் வேழனைச் சங்கிலியிற் பிடித்து வாயிலில் நின்றான். பாக்கியம் எனக்கும் நாய்க்கும் இடையே வந்து நின்றுகொண்டாள். நான் இறங்கினேன். பாக்கியம் வழியில் சொல்லித் தந்திருந்தபடி, கைத்தடியால் இரண்டு முறை தட்டினேன். வேழன் அமர்ந்தது. ஆனால் அதன் பிடரி மயிர் சிலிர்த்து நின்றதை நான் கண்டேன். என் வாய் தன்னையறியாமல் அதன் பெயருக்கு வடிவு கொடுத்தது. ஒலி எழவில்லை. குழலில் சீறல் மட்டுமே எழுந்தது.

நாய் மெல்ல எழுந்து என் காலை முகர்ந்தது. கையை முகர்ந்தது. கழுத்துத் துணியை நோக்கி மூக்கை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் உறுமிற்று. நான் ஒருமுறை தட்டினேன். விலகிற்று. விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போயிற்று. திறந்திருந்த கதவுக்குள் தலையை நீட்டி, இருக்கை முழுதும் முகர்ந்தது. இன்னும் ஒருவர் இறங்கவேண்டியிருப்பது போல அங்கேயே நின்றது. வண்டி புறப்பட்ட பின்னும் அது போன திசையைப் பார்த்து நின்றது.

எழுதிப் பேசுவதற்காக எனக்குக் கற்பலகை ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அதில், நாயை எப்படிப் பழக்கினாய் என்று கேட்டேன். பாக்கியம் அனைத்தையும் சொன்னாள். புதைத்த துண்டையும் அப்போதுதான் வெளியிட்டாள். ஆயாவிடம் எவ்வாறு கேட்பாய் என்று எழுதினேன்.

"வாத்தியாரு துண்டுன்னு கேப்பேன். வேற எப்படிக் கேக்கறது? உங்க பேர நான் சொல்வனா?" என்றாள்.

ஆயாவுக்கு அந்த அறையில் வாத்தியார் ஒருவர்தான். நான் தமிழய்யா. இறந்தவருடைய மணத்தை, என்னுடையது என்று எண்ணி, என் வீட்டார் நாள்தோறும் என் நாய்க்கு ஊட்டியிருந்தனர். அது காத்திருந்த மனிதர் வரவில்லை. நான் வந்தேன்.

விளங்கியதும் பாக்கியம் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "அப்ப அது தோண்டனது உங்களுக்கு இல்ல" என்றாள். அவள் குரலில் இருந்த ஆறுதல் எனக்குக் கூச்சத்தைத் தந்தது. எனினும், எனக்கும் அதே ஆறுதல்தான்.

எழிலன் மீண்டும் நெட்டுக்குப்பம் என்றான். நான் கற்பலகையில், இருக்கட்டும் என்று எழுதினேன். கைத்தடிக்குப் பணிகிறது, மேலே பாய்வதில்லை, வேறென்ன வேண்டும்? அத்துடன், சவரிமுத்துவுக்காக வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் உயிரேனும் இருப்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. வேழன் என் கட்டளையை ஏற்றது; என்னை ஏற்கவில்லை. நான் முற்றத்துக்கு வந்தால் எழுந்து அப்பால் போய்விடும். மாலையானால் தெருவை நோக்கி அமரும்.

மாதங்கள் இவ்வாறு சென்றன. வெள்ளிக் குழலுக்குள் செருகிய உட்குழலைக் கழற்றிக் கழுவவும், துளைமேல் ஈரத்துணி தொங்கவிட்டு மின்நிலையத்துக் கரித்தூள் புகாமல் காக்கவும் பழகினேன். குறித்த நாளில் மருத்துவர் பார்ப்பார். தூய்மையாக இருக்கிறது என்பார். இடர் நீங்கிற்று என்று நம்பலானேன். இவ்வரைவையும் அந்த நம்பிக்கையிலேயே தொடங்கினேன்.

சென்ற கிழமை, நான் சாய்நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தேன். வேழன் தெருப்பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்து வந்தது. தடியைத் தட்டவேண்டும் என்று தோன்றவில்லை. கழுத்துத் துணிக்கு அருகே மூக்கைக் கொண்டுவந்து, நெடிய மூச்சாக இழுத்து முகர்ந்தது. உறுமவில்லை. வாலை ஆட்டிற்று. மெல்ல முனகி, முன்கால்களை நீட்டிப் படுத்து, என் பாதங்களின்மேல் மோவாயை வைத்துக்கொண்டது. அன்று முதல் என்னை விட்டு அகல்வதில்லை. காத்திருந்தவர் வந்துவிட்டது போல, தெருவை நோக்கி அமர்வதுமில்லை.

வீடே மகிழ்ந்தது. எழிலன் அதற்கு இறைச்சி வாங்கி வந்தான். பாக்கியம் அக்கம்பக்கத்தாரையெல்லாம் அழைத்துக் காட்டினாள். நான் மட்டும் கற்பலகையை எடுத்து, என் கழுத்தில் ஏதேனும் நாற்றம் வருகிறதா என்று அவளைக் கேட்டேன். குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, மருந்து வாசனைதான் என்றாள். அவள் பொய் சொல்பவள் அல்லள். ஆனால் மனித மூக்கு எட்டும் தொலைவு சிறிது. எனக்கோ அதுவும் இல்லை.

வரும் திங்கட்கிழமை மருத்துவர் பார்க்கவேண்டிய நாள். இதனை எழுதும் இப்போதும் நாய் என் காலடியில் கிடக்கிறது. காப்பி கொண்டுவந்த பாக்கியம் அதன் தலையைத் தடவினாள்.

"எத்தினி மாசம் ஆச்சு பாத்தீங்களா? இப்பத்தான் உங்க வாசன அதுக்குப் புரிஞ்சிருக்குது" என்றாள்.

அவள் முகத்தில் நெடுநாளைக்குப் பின் ஒளி இருந்தது. கற்பலகையில் 'ஆம்' என்று எழுதிக் காட்டினேன்.